புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு நாள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று திருச்சியில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒருவர் படித்த நூலைப் பற்றிப் பேச, மற்றவர்கள் குறுக்கிட, காப்பி ஆறிப்போகும். சென்ற மார்கழியில் 'பொன்னியின் செல்வ'னை மறுபடியும் எடுத்துக்கொண்டோம். கொடும்பாளூர் இளவரசி வானதியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர், "கொடும்பாளூர் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. நம்மில் யாராவது போயிருக்கிறோமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மதுரைக்குப் போகும்போதெல்லாம் பேருந்துச் சன்னல் வழியே அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறோம். ஒரு நாளும் இறங்கியதில்லை.

அன்றே தீர்மானமாயிற்று. தை பிறந்ததும் இரண்டு நாள், ஒரு வேன். கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை. திருமயத்தையும் சேர்க்க ஆசைதான். அதற்கு மூன்றாவது நாள் வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம். எங்களுள் பள்ளி ஆசிரியராக இருப்பவர் மட்டும், "சித்தன்னவாசலையும் விட்டுவிடலாமே. ஓவியமெல்லாம் அழிந்துபோயிற்று என்கிறார்கள்" என்றார். இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வுபெற இருப்பவர், எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. "அழிந்த மட்டும் அழியட்டும் வாத்தியாரே, மிச்சத்தைப் பார்ப்போம்" என்று அவர் வாயை அடைத்துவிட்டோம்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பி விராலிமலையில் நின்றோம். மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. இங்கே முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் வழக்கம் உண்டு என்பதை அறிந்து எங்கள் ஓட்டுநர் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. படியேறி வணங்கிவிட்டு உடனே புறப்பட்டோம்.

கொடும்பாளூர் இன்று சாலையோரச் சிற்றூர். ஆனால் தமிழிலக்கியம் அதைக் கடந்துதான் மதுரைக்குப் போகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்லும்போது, மதுரைக்கான பாதை மூன்றாகப் பிரியும் இடமாக இவ்வூர்ப் பக்கத்தைத்தான் குறிப்பிடுகிறான். வழி கேட்டு நடந்தவர்கள் நின்ற இடத்தை நாங்கள் நாற்பது ஆண்டுகளாக நிற்காமலே கடந்திருக்கிறோம்.

மூவர் கோயில் என்று பெயர், நிற்பவை இரண்டு. மூன்றும் ஒரே வரிசையில், மேற்கு நோக்கியவை. வடக்கே இருந்ததன் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சுற்றிலும் சிறு கோயில்களின் அடிக்கற்கள் வெயிலில் வரிசையாகக் கிடக்கின்றன. பூசை இல்லை, மணியோசை இல்லை. ஒழுங்காக வெட்டிவிட்ட புல்தரையில் இரண்டு கோயில்களும் தனித்து நிற்கின்றன. நடுக்கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உள்ளது. இருக்குவேளிர் குலத்தின் தலைமுறைகளை அது வரிசையாகச் சொல்கிறது. அந்த முன்னோருள் ஒருவனை வாதாபியை வென்றவன் என்கிறது. கடைசியில் பூதி விக்கிரமகேசரிக்கு வந்து, அவன் தன் பெயராலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்ததையும், மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு மடம் அளித்து ஐம்பது துறவியர்க்கு உணவுக்கு வழிசெய்ததையும் கூறுகிறது. இவன் காலம் 9ஆம் நூற்றாண்டா 10ஆம் நூற்றாண்டா என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு.

பூதி விக்கிரமகேசரி! கல்கியின் நாவலில் வானதியின் பெரியப்பாவாக, ஈழப் படையின் தலைவராக வருகிற அதே பெரிய வேளார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் தமிழ்நாடு காத்திருந்து படித்த கதையின் மாந்தர் ஒருவர் கட்டிய சுவரில் கைவைத்து நின்றோம். ஒரு சிறு ஏமாற்றமும் இருந்தது, அதை மறைப்பானேன். நாவலில் அவர் பேசுகிறார், கோபிக்கிறார், தம்பி மகளுக்காக ஏங்குகிறார். கல்வெட்டில் அவர் வெல்கிறார், கொடுக்கிறார், அவ்வளவே. மற்றதையெல்லாம் கல்கி தந்தார். ஆனால் விமானத்தில் யானையின் தோலை உரித்துத் தலைக்குமேல் விரித்து ஆடும் சிவனைப் பார்த்தபோது, பெயர் தெரியாத ஒரு சிற்பியும் தன் பங்குக்கு ஒரு நாவல் எழுதியிருப்பது தெரிந்தது. கல்வெட்டில் மன்னன் பெயர் இருக்கிறது, மனைவியர் பெயர் இருக்கிறது, துறவியின் பெயர் இருக்கிறது. அந்த உளிக்காரன் பெயர் இல்லை.

பக்கத்திலுள்ள முசுகுந்தேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு, இலுப்பூரில் சாப்பிட்டுவிட்டுக் குடுமியான்மலைக்குப் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

குடுமியான்மலைச் சிகாநாதசுவாமி கோயிலின் முன்மண்டபத் தூண்கள் நாயக்கர் காலத்தவை. பத்துத் தலை இராவணனும், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மமும், இரதியும் மன்மதனும் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். கொடும்பாளூரின் அடக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு இது திருவிழாக் கூட்டம். மன்னன் வருகிறான் என்ற அவசரத்தில், காதலிக்குச் சூட்டிய மாலையை எடுத்து இறைவனுக்குச் சாத்திவிட்ட அர்ச்சகரையும், மாலையிலிருந்த கூந்தல் இழைக்குச் சான்றாக இலிங்கத்தில் குடுமி வளர்த்துக் காட்டிய சிவனையும் பற்றிய கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். பொய் சொன்ன அடியவனுக்காகத் தானும் பொய்ச்சாட்சி சொல்லும் கடவுள் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனார்.

நாங்கள் தேடி வந்தது பின்னால், குன்றைக் குடைந்த மேலைக்கோயிலின் பக்கத்தில் இருந்தது. பாறையின் சமன்செய்த முகத்தில் வரிவரியாகக் கிரந்த எழுத்துக்கள். புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பண்டார்கர் பதிப்பித்தது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்டைய இராகத்துக்கு உரியது, சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நலனுக்காகச் செய்தது என்று முடிவில் குறிப்பு இருக்கிறது. அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இப்போது அதை ஐயுறுவோர் பலர்.

எங்கள் குழுவில் இசை படித்த அக்கா ஒருவர் உண்டு. காற்றில் விரலால் வரிகளைத் தொடர்ந்துகொண்டே மெல்லச் சொல்லிப் பார்த்தார். சுர எழுத்துக்கள் வெறும் ச, ர, க என்று இல்லை. ச, சி, சு, செ என்று உயிர்கள் மாறி மாறி வருகின்றன. அந்த மாற்றங்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. "என்ன பாடியிருப்பார்கள் என்பது இதில் இருக்கிறது. எப்படிப் பாடியிருப்பார்கள் என்பதுதான் இல்லை" என்றார் அக்கா. பாட முயன்று, நாலாவது தொகுதியில் நிறுத்திக்கொண்டார். மாணவர்க்கென்று எழுதிய பாடத்தை, மாணவர் வரிசை அறுந்த பின் பாறை மட்டும் இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு சுவரில் சில பெயர்கள் கீறப்பட்டிருப்பதைக் கண்டோம். இதயம், அம்பு, ஓர் ஆண்டு. எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கையை ஒடிக்க வேண்டும்" என்றார் ஒருவர். "பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?" என்றார் இன்னொருவர். பள்ளி ஆசிரியர் எங்களுடன் இருக்கிறார் என்பதுகூட நினைவில் இல்லை. அவர் முன்னால் நடந்து போய்விட்டார்.

இரவு புதுக்கோட்டையில் தங்கினோம். நேர்நேராக ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் இராஜ வீதிகளில் சற்று நடந்து, இட்டிலி சாப்பிட்டு, அறைக்குத் திரும்பி மறுநாள் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஆசிரியர் சொன்னார்.

1983ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா. ஏழடிப்பட்டத்தில் படுக்கைகளைப் பார்த்துவிட்டு வரிசை கலைந்த நேரத்தில், கால்சட்டைப் பையிலிருந்த காம்பஸின் முள்ளால் குகைப் பாறையில் தன் பெயரையும் 'எட்டு ஆ' என்பதையும் கீறினார். முன்னெழுத்தோடு. கூட நின்ற பையன் கைதட்டினான். வாத்தியார் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பின் பெருமையாகவே இருந்ததாம், பல வருடங்கள்.

"கல்லூரியில் பிராமி எழுத்து பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் சித்தன்னவாசல் கல்வெட்டின் படம். அன்றைக்குத்தான் நான் எந்த இடத்தில் காம்பஸை வைத்தேன் என்று தெரிந்தது" என்றார். "முப்பது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். சுற்றுலாவுக்கு இடம் கேட்கும்போதெல்லாம் வேறு ஊர் பெயரைச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருக்கிற சித்தன்னவாசலை என் பிள்ளைகள் யாரும் என்னோடு பார்த்ததில்லை."

யாரும் கையை ஒடிப்பது பற்றிப் பேசவில்லை. சற்று நேரம் கழித்து வங்கி நண்பர், தாம் திருச்சி மலைக்கோட்டைப் படியோரத்தில் ஒரு பெண்ணின் முதலெழுத்தைக் கரியால் எழுதியதைச் சொன்னார். அக்கா, தஞ்சையில் தடை என்று தெரிந்தும் ஓவியத்தைப் படமெடுத்ததைச் சொன்னார். ஆளுக்கொன்று இருந்தது. மாலையில் நாங்கள் பட்ட கோபம் அறைக்குள் இடமில்லாமல் வெளியேறிவிட்டது.

காலையில் வெயிலுக்கு முன்பே சித்தன்னவாசல் குன்றில் ஏறினோம். பாறைச் சரிவில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் ஏழடிப்பட்டம் என்று பெயர். இன்று பிடித்து நடக்கக் கம்பி இருக்கிறது. அது இல்லாத நாளில் ஒரு துறவி அந்தக் குழிகளில் கால்பதித்து இறங்கியதை எண்ணினாலே அடிவயிறு கூசுகிறது. இறங்கினால் நீண்டு தாழ்ந்த குகைத்தளம். தலையணைபோல ஒரு பக்கம் உயர்ந்த 17 கற்படுக்கைகள். மெருகேறி, உடம்பு பட்டுத் தேய்ந்தவைபோல் மின்னுகின்றன. பெரிய படுக்கையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று கருதப்படுவது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவர்க்குச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். வேறு படுக்கைகளில் பல நூற்றாண்டு பிந்திய எழுத்தில் திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் என்று துறவியர் பெயர்கள் உள்ளன. ஒரே குகையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஆட்கள் வந்து படுத்திருக்கிறார்கள், நோற்றிருக்கிறார்கள்.

அவற்றுக்கிடையே எங்கள் காலத்துப் பெயர்கள். படுக்கைகளுக்கு முன்னால் இப்போது கம்பித் தடுப்பு உண்டு. ஆசிரியர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கீறலாகப் பார்த்தார். நாங்களும் தேடினோம். கடைசியில் ஒரு பெயர் தென்பட்டது. அவர் பெயர்தான். ஆனால் முன்னெழுத்து இருந்த இடத்தில் வேறு யாரோ தன் பெயரைக் கீறியிருந்தார்கள். வகுப்பும் தெரியவில்லை. அவர் தலைமுறையில் வகுப்புக்கு நான்கு பேருக்கு வைத்த பெயர் அது. "நான்தானா என்று தெரியவில்லையே" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. அழிக்க நினைத்தால் அது இரண்டாவது காயம். நாற்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்த எழுத்தைப் பாறை அடையாளம் காட்ட மறுத்துவிட்டது.

இளையருக்கும் எட்டு ஆ மாணவனுக்கும் என்ன வேறுபாடு என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. இருவரும் பாறையில் எழுதியவர்கள்தாம். நாளாவட்டத்தில் எல்லாக் கீறலும் கல்வெட்டாகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். ஆசிரியரே மறுத்தார். "இளையர் இன்னொருவருக்கு இடம் செய்துகொடுத்துவிட்டு எழுதினார். நான் எனக்கே இடம் பிடித்தேன், அதுவும் அடுத்தவர் படுக்கைக்குப் பக்கத்தில்" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

இறங்கி, அறிவர் கோயிலுக்குப் போனோம். குடைவரையின் முன்னால் நிற்கும் தூண்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. முந்தைய நாள் பார்த்த ஊரின் கல் இங்கே நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. இவ்வோவியங்களும் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே நாங்கள் பள்ளியில் படித்தோம். பக்கத்துப் பாறையிலுள்ள கல்வெட்டோ, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினான் என்கிறது. இன்று காண்பவை பெரும்பாலும் அவன் காலத்தவை என்பதே இப்போதைய முடிவு. கட்டியவனைவிடப் புதுக்கியவனுக்கு நாம் கடன்பட்ட இடம் இது.

காவலர் கதவைத் திறந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தால் தாமரைக் குளம். இலைகள், மொட்டுக்கள், மலர்கள், இடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். பூப்பறிக்கும் மூவர் முகத்தில் குளத்திலிறங்கியவர்களுக்கே உரிய குளிர்ச்சி. சமண மரபில், அருகனின் உரையைக் கேட்கச் செல்லும் உயிர்கள் கடந்துபோகும் நீர்நிலை அது என்பர். பல இடங்களில் நிறம் உதிர்ந்து வெறும் சுண்ணப்பூச்சுத் தெரிகிறது. தூண்களின் நடனப் பெண்கள் கோடுகளாக எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் உடல் மறைந்தும் வளைந்த கையின் அசைவு மறையவில்லை. உள்ளறையில் நின்று ஒருவர் மூச்சடக்கி மெல்ல இமிழ, அறை முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. வாய் திறவாமல் நின்ற ஐவரும் அந்த ஒலிக்குள் இருந்தோம்.

வெளியே வந்ததும் ஆசிரியர் காவலரிடம் நேராகச் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பில், மேலே, காம்பஸால் என்று. காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானும் எழுதியிருக்கேன் சார், சின்ன வயசுல. இந்தப் பக்கம் ஆடு மேய்ச்சுட்டுத் திரிஞ்சப்போ. ஆனா கரித்துண்டால. ஒரு மழைக்குப் போயிடுச்சு." சற்று நிறுத்தி, "காம்பஸெல்லாம் எங்ககிட்ட ஏது?" என்றார்.

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆயினும் ஆசிரியர் வேனில் வெகுநேரம் அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் நார்த்தாமலை. பாறைமேல் பாறையாக வழுக்கும் சரிவில் ஏறி மேலமலைக்குப் போனால், மேற்கே பார்த்தபடி விசயாலய சோழீச்சரம். வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. பெயர் சோழனுடையது, ஆனால் வாயிற்காவலர் சிலைக்குக் கீழுள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி எடுத்த கோயில் அது. மழையில் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான். எதிரே பாறையில் பழியிலி ஈச்சரம் என்னும் சிறு குடைவரை. நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைந்தது; அதற்கு முன்மண்டபம் எடுத்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை. பக்கத்திலுள்ள சமணர் குடகில், பிற்காலத்தில் அமைத்த திருமால் உருவங்கள் பன்னிரண்டு, வரிசையாக, ஏறக்குறைய ஒரே அச்சில் நிற்கின்றன. சமணத்துக்குரிய இடம் வைணவமானதன் சுவடு பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது.

தந்தை குடைய, மகள் மண்டபம் எடுக்க; ஒருவன் கட்ட, இடிந்ததை இன்னொருவன் நிமிர்த்த. இரண்டு நாளில் நாங்கள் கண்ட பெயர்களில் பாதி, ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பேணியவர்களின் பெயர்கள். தொலைவில் எங்கோ கல் உடைக்கும் ஓசை கேட்டது. இந்த வட்டாரத்தில் குன்றுகள் இன்றும் சல்லியாகிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையில் பிழைப்பவர்களை எண்ணினால் எங்கள் வருத்தத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

சூரியன் மறையும்வரை பாறையில் உட்கார்ந்திருந்தோம். கீரனூர் தாண்டும்போது ஆசிரியர் கையேட்டை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். மாசி மாதத்தில் தம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போகப்போவதாகவும், அந்தக் குகையில் நின்று தம் கதையைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தது பெற்றோருக்கான சுற்றறிக்கை. வாங்கிப் பார்த்தோம். மதிய உணவு, தண்ணீர், தொப்பி என்று கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் இருந்தது. அதன் கீழே தனியாக ஒரு வரி: காம்பஸ் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும், எழுத விரும்புவோர்க்குக் கரித்துண்டும் காகிதமும் ஆசிரியரே தருவார்.